கோயிலடியில் ஏறியவர்கள்

எங்கள் ஸ்டேஷனைக் கட்டியவர்கள் அதில் ரப்பர் ஏறும் என்று நினைத்துக் கட்டினார்கள். மனிதர்கள் ஏறுவதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் அது தோட்டத்து ரப்பர் ஸ்டோருக்கு நேர் எதிரில் இருந்தது. ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் வேறு பக்கம் தள்ளி இருந்தன. நடுவில் ஒரு சதுப்பு. லயத்திலிருந்து மேடைக்கு வர அந்தச் சதுப்பைச் சுற்றி இருபது நிமிடம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் இருபத்தைந்து. இரண்டையும் நானே நடந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, டைரியில் குறித்திருக்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பாதையில், இன்று சுபாங் ஜெயா என்று சொல்லும் இடத்தைத் தாண்டி அந்த ஸ்டேஷன் இருந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர்ப்பலகையைக் கழற்றியே பல வருடங்கள் ஆகிவிட்டன. எழுபதுகளின் நடுவில் நான் அங்கே கிளார்க்காகப் போய்ச் சேர்ந்தேன். வயது இருபத்தாறு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். அப்பா தண்டவாளத்தில் கட்டை மாற்றும் வேலை பார்த்தவர். சட்டைப்பையில் பேனாவோடு ரயில்வே வேலைக்குப் போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அந்தப் பேனாவின் மேல் எனக்கிருந்த பெருமையை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒரே ஒரு மேடை. தகரக் கூரை. டிக்கெட் கொடுக்க ஒரு சின்ன ஜன்னல், பார்சல் நிறுக்க ஒரு தராசு, நிலக்கரி எஞ்சின் காலத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று துருவேறிப்போய். காலையில் கிள்ளான் பக்கம் இரண்டு ரயில், கோலாலம்பூர் பக்கம் இரண்டு. மாலையிலும் அப்படியே. ரப்பர் எல்லாம் லோரியில் போகத் தொடங்கியிருந்ததால் சரக்கு வண்டி நிற்பது குறைந்துபோயிருந்தது. ஆனாலும் அந்த ஸ்டேஷனுக்கு வேலை இல்லாமல் இல்லை. தமிழ்ப் பத்திரிகைக் கட்டு காலை முதல் ரயிலில் வரும். கூடையில் கோழி போகும். ஒருமுறை ஒரு தையல் இயந்திரம் வந்தது. அதைத் தூக்கிப் போக நான்கு பேர் வந்தார்கள், வேடிக்கை பார்க்க இருபது பேர் வந்தார்கள். தோட்டத்து மேனேஜர் பங்களாவை விட்டால் எங்களிடம் மட்டும்தான் தொலைபேசி. கிள்ளானில் யாருக்காவது பிள்ளை பிறந்தாலும், யாராவது இறந்தாலும், சேதி எங்கள் மேசைக்குத்தான் முதலில் வரும். தோட்டத்துக் கடைக்காரர் தினமும் ஆளனுப்பி எங்கள் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய தகப்பனாரும் சிற்றப்பாவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாக இருந்தவர்கள். பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. ரயில் வராத நேரமெல்லாம் ஆங்கிலப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். என்னை ஆங்கிலப் பாணியில் "ஐசே" என்பார். லயத்து ஜனங்கள் என்னைக் "கிராணி" என்றார்கள். தோட்டத்தில் கிராணி என்றால் விடியற்காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று பேர் பதிகிறவர். பிந்தி வந்தவனுக்கு அரை நாள் பேர், அதாவது அரைச் சம்பளம், போடுவதும் அவர்தான். எனக்கும் அந்தத் தோட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் வெள்ளைச் சட்டையும் பேரேடும் வைத்திருந்த தமிழனுக்கு அவர்களிடம் வேறு பெயர் இல்லை. அந்தப் பெயரில் மரியாதை இருந்தது. ஓர் அடி தள்ளி நிற்பதும் இருந்தது.

ஒருவர் மட்டும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவரும் அவரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுத்தவர்கள்; கணவர் இறந்து போய், ஒரு மகளோடு லயத்தில் இருந்தார். கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை, தற்காலிகமாக. நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. தோட்டம் போனால் லயத்து வீடும் போகும். அந்த வேலை நிரந்தரமானால் கிள்ளானில் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு மகளைப் படிக்க வைக்கலாம். இதையெல்லாம் அவரே சொல்லித்தான் தெரியும். வியாழக்கிழமை மாலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கோயிலுக்குப் பூப் பார்சல் வரும். அதை எடுக்க மேடைக்கு வருவார். வாழை இலையைப் பிரித்து, மல்லிகை வாடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, என்னிடம் இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டார்.

"அந்தப் பேனாவ ஒரு நாளைக்காச்சும் எறக்கி வையுங்க தம்பி. நெஞ்சு ஒரு பக்கமா சாஞ்சிரப் போவுது."

"அது இல்லாம வேல ஓடாதுக்கா."

"எங்களுக்குக் கத்தி இல்லாம ஓடாது. அதுக்காகச் சட்டையிலயா குத்திக்கிறோம்?"

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அப்படியே இங்கும் எழுதுகிறேன்.

கோயில் என்று சொன்னேன். அது முனீஸ்வரன் கோயில். மேடையிலிருந்து கிள்ளான் பக்கம் முந்நூறு கஜத்தில், தண்டவாளத்தை ஒட்டி ஓர் அரசமரத்தடியில், தகரக் கொட்டகையும் ஒரு சூலமும். தண்டவாளம் போட்ட ஆட்கள் வைத்த சாமி என்பார்கள். எஞ்சின் ஓட்டுகிறவர்கள் அங்கே வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஒரு கணம் நிறுத்தி, விசில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். தமிழர் மட்டும் என்றில்லை. ஒரு சீன ஓட்டுநர் வாரத்துக்கு ஒருமுறை இரண்டு ஆரஞ்சுப் பழம் வைப்பார். அங்கே நிற்காமல் போனால் எஞ்சின் கோபித்துக்கொள்ளும் என்று ரயிலின் கடைசிப் பெட்டியில் வரும் மலாய்க்காரக் கார்டு ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் நிற்காமல் போனதில்லை.

லயம் அந்தக் கோயிலுக்குப் பின்னால்தான். கோயிலுக்கும் மேடைக்கும் நடுவில் தண்டவாளம் சதுப்பைப் பாலத்தில் கடந்தது; அதில் ஆள் நடக்க இடமில்லை. ரயில் எப்படியும் அங்கே நிற்கிறது. பிறகு எதற்குச் சதுப்பைச் சுற்றி இருபது நிமிடம் நடக்க வேண்டும்? ஜனங்கள் கோயிலடியிலேயே ஏறினார்கள், கோயிலடியிலேயே இறங்கினார்கள். ஒரு கணம் நின்ற ரயில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நிமிடம் நிற்கத் தொடங்கியது. யாரோ கருங்கல்லை அடுக்கிப் படி மாதிரி செய்து வைத்தார்கள். டிக்கெட்டைக் கார்டு பெட்டிக்குள்ளேயே எழுதிக் கொடுத்தார். கோயிலடி என்று ஓர் ஊர் அவருடைய புத்தகத்தில் இல்லை. அதனால் முந்தைய பெரிய ஸ்டேஷனில் ஏறியதாக எழுதுவார். நான் போய்ச் சேர்வதற்குப் பல வருடம் முன்பிருந்தே இப்படித்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கோலாலம்பூர் அலுவலகத்தின் காகிதங்களில் மட்டும் அது இல்லை.

காலை ஆறு பத்து ரயில் மேடையை விட்டுப் புறப்பட்டதும் நான் மேடையின் ஓரத்துக்குப் போய் நிற்பேன். முந்நூறு கஜத்தில் தலைகள் தெரியும். எண்ணுவேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை. எண்ணாமல் இருக்க எனக்கு வராது. டைரியில் தினமும் ஒரு வரி: மேடை 7, கோயிலடி 36. மேடை 5, கோயிலடி 33. மழை என்றால் மழை என்றும் எழுதியிருக்கிறேன்.

அந்த வருடம் எனக்குத் திருமணமாகி இரண்டாவது வருடம். மனைவி பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அப்பா அம்மாவோடு இருந்தாள். நான் ஸ்டேஷனை ஒட்டிய அறையில் வாரம் முழுவதும் தனியாக இருந்து, சனிக்கிழமை வீட்டுக்குப் போய் ஞாயிறு மாலை திரும்புவேன். திருமணமானதுமே மாற்றல் கேட்டு மனு எழுதினேன். அந்த ஸ்டேஷனுக்கு மாற்று ஆள் கிடைக்கும்வரை அனுப்ப முடியாது என்று பதில் வந்தது. இரண்டாவது மனுவுக்கும் அதே பதில், அதே வாசகம். அந்தச் சதுப்புக்கு விரும்பி வர யார் இருக்கிறார்கள்? அவள் கர்ப்பமானது தெரிந்ததும் மூன்றாவது மனுவை ஆகஸ்டில் அனுப்பினேன்.

அந்த ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை வந்தது. கிள்ளான் பாதையில் உள்ள சிறிய ஸ்டேஷன்களில் மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு ரயிலிலும் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணி, கிளார்க் கையெழுத்திட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் மேலொப்பம் இட்டு அனுப்ப வேண்டும். காரணம் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

முதல் வாரத் தாளை நான் நிரப்பிக் கொடுத்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஐசே, இதென்ன, காலமை ரயிலுக்கு ஏழு எண்டு போட்டிருக்கிறீர்?"

"ஏழு பேர்தான் சார் ஏறினாங்க."

"அப்ப கோயிலடியில நிண்டதுகள் என்ன, ஆடு மாடோ?"

"ஸ்டேஷன்ல ஏறுறவங்கன்னு கேட்டிருக்காங்க சார். கோயில் ஸ்டேஷன் இல்லியே."

"சனம் ஏறுற இடம்தான் ஐசே ஸ்டேஷன். சேர்த்துப் போடும்."

"போட்டா, அங்க ஏன் நிப்பாட்டுனன்னு டிரைவருக்கு லெட்டர் வரும் சார். கார்டு எழுதுன டிக்கெட்டையும் எடுத்துப் பாப்பாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார். "அதுவும் உண்மைதான்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. கோயிலடியை எழுதினால் ஓட்டுநர்களுக்கும் கார்டுகளுக்கும் தொல்லை வந்திருக்கும். இந்த ஒரு நியாயத்தைப் பல வருடம் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் யாருக்கும் தொல்லை வராமல், ஒரு பொய்யும் எழுதாமல் செய்யக்கூடிய இன்னொரு காரியம் இருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. அதை என் முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

அது ஒரு வியாழக்கிழமை. அக்கா பூப் பார்சலை வாங்கிக்கொண்டார். வழக்கமாகப் பிரித்துப் பார்ப்பவர் அன்று பார்க்கவில்லை.

"தம்பி, எத்தன பேரு ஏறுறாங்கன்னு எண்ணுறாங்களாமே. ஆளு கம்மியா இருந்தா ஸ்டேஷன மூடிருவாங்கன்னு கடக்காரரு சொல்றாரு. மெய்யா?"

"சும்மா ஒரு ரிப்போர்ட்டுக்கா."

"நாங்க ஏதும் செய்யணுமா? மேடைக்கு வந்து ஏறணும்னா சொல்லுங்க. லயத்தையே இழுத்துட்டு வந்துர்றேன். என் வாய்க்குப் பயப்படாதவன் அங்க எவனும் இல்ல."

"ஒன்னும் வேணாங்க்கா. நான் பாத்துக்கிறேன்."

"அதான பாத்தேன். தம்பி இருக்கயில நமக்கென்ன" என்று பார்சலை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

அன்றைய டைரிப் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. இரண்டே வரி. "அக்கா கேட்டார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்." அடுத்த வரி: "மூன்றாவது மனுவுக்கு இன்னும் பதில் இல்லை." இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது எனக்குச் சம்பந்தம் தெரிந்திருந்ததா என்று பலமுறை என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து வழக்கம்போல நேராக இருக்கிறது. எந்த எழுத்தும் தடுமாறவில்லை. தெரியாமல் எழுதியிருந்தால் அந்த இரண்டு வரிக்கும் நடுவில் அன்றைய மழையையோ, மாலை ரயில் பிந்தியதையோ எழுதியிருப்பேன்.

மூன்று மாதம். ஒவ்வொரு நாளும் காலையில் இரண்டு எண்களை எண்ணினேன். ஒன்றை அலுவலகத் தாளில் எழுதினேன். இரண்டையும் டைரியில் எழுதினேன். தாளில் ஓர் எண் கூடத் தவறில்லை. யார் வந்து சரிபார்த்தாலும் மேடையில் ஏழு பேர்தான் ஏறியிருப்பார்கள். நவம்பரில் கடைசித் தாளை அனுப்பினேன்.

ஜனவரியில் கடிதம் வந்தது. இரண்டு பத்தி. முதல் பத்தியில், மார்ச் முதல் தேதியிலிருந்து அந்த ஸ்டேஷனில் ரயில்கள் நிற்காது, பார்சல் சேவையும் இல்லை. இரண்டாவது பத்தியில், கிளார்க் கோலாலம்பூர் அலுவலகத்துக்கு மாற்றப்படுகிறார். ஒரே காகிதம். ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் முதலில் இரண்டாவது பத்தியைப் படித்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு நல்லம்" என்றார்.

பிப்ரவரிக் கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரையும் என்னையும் வழியனுப்பக் கோயிலடியில் பூசை வைத்தார்கள். பொங்கல், வடை, ஒரு கூடை ரம்புத்தான். லயத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்கட கிளார்க் தன்னால ஏலுமான மட்டும் எழுதிப் பார்த்தவர். மேல உள்ளவை கேட்கேல்லை."

அதை ஏன் சொன்னார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அவருடைய கையெழுத்தும் அந்தத் தாள்களில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பென்ஷன் வாங்கிய இரண்டாவது வருடம் இறந்து போனார். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தன்னையா, தெரியாது. இல்லை, அந்த ஜனங்களுக்கு யாரோ ஒருவர் எழுதிப் பார்த்தார் என்றாவது இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

அக்கா முன்னால் வந்து என் தோளில் ஒரு துண்டைப் போட்டார். கரை வைத்த புதுத் துண்டு. "கொழந்த பொறந்தா சேதி சொல்லி அனுப்புங்க தம்பி" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

மார்ச் முதல் தேதியிலிருந்து ரயில் மேடையைக் கடந்து நேராகப் போனது. கால அட்டவணையில் நான்கு நிமிடத்தைக் குறைத்துவிட்டார்கள். கோயிலடியில் நிறுத்த ஓட்டுநர்களுக்கு ஒரு நிமிடம் கூட மிச்சமில்லை. விசில் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு ஏப்ரலில் மகள் பிறந்தாள். சேதி சொல்லி அனுப்பவில்லை. ஜூன் மாதம் தோட்டத்துக் கடைக்காரரைக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் பார்த்தேன். சரக்கு எடுக்க வந்திருந்தார். அவர்தான் சொன்னார். அக்கா விடியுமுன்னே எழுந்து பெரிய சாலைக்கு நடந்து போய்ப் பஸ் பிடித்துப் பார்த்திருக்கிறார். முதல் பஸ்ஸே ஏழு மணிக்குப் பிறகுதான் கிள்ளான் போய்ச் சேரும். பள்ளிக்கூடத்தில் மூன்று தடவை எச்சரித்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். நிரந்தரமாவதற்கு இரண்டு மாதம் இருந்தது. "இப்ப மறுபடியும் மரத்துக்கே போயிருச்சு லா, பாவம்" என்றார் கடைக்காரர். அன்றைய டைரியில் "அக்காவுக்கு வேலை போயிற்று" என்று எழுதி, நாளைப் போட்டிருக்கிறேன். கிள்ளான் பாதையில் ரயில் பாஸ் வைத்திருந்தவன் நான். போய்ப் பார்க்கவில்லை.

அதன்பிறகு தோட்டத்தை விற்றார்கள். ரப்பர் மரங்களை வெட்டி அடுக்கு வீடுகள் கட்டினார்கள். நான் அலுவலகத்தில் மேசை மேசையாக மேலே போனேன். அலுவலகத்தில் என்னைப் பற்றிச் சொல்லும்போது, அவர் கொடுத்த எண்ணைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பார்கள். மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு கிள்ளானில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அதில் போய் வருகிறேன். கோயில் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம், ஓட்டுக் கூரையோடு, முன்னைவிடப் பெரிதாக. ரயில் அதைக் கடக்க நான்கு வினாடி ஆகிறது.

போன தீபாவளிக்கு முன்னால் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் மனைவியோடு நின்றுகொண்டிருந்தேன். யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள்.

"தம்பிதானே? ரயில் தம்பி?"

முடி முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். பக்கத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, அந்த மகளாகத்தான் இருக்க வேண்டும்.

"இவருதான்டி. நமக்காக எவ்வளவோ எழுதிப் பாத்தவரு. இந்தக் காலத்துல எவன் அப்படிச் செய்வான்?" என்று மகளிடம் சொன்னார். என் மனைவியிடம், "ஒங்க வீட்டுக்காரரு சொக்கத் தங்கம்மா" என்றார். கம்போங் மேடானில் மகளோடு இருப்பதாகச் சொல்லி, வீட்டு எண்ணையும் சொல்லி, கட்டாயம் வர வேண்டும் என்றார். மகள் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாளாம். படிப்பு மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதிலேயே, நின்றுவிட்டது என்றார். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை; வேறு பேச்சின் நடுவே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த வருடத்து டைரியைத் தேடி எடுத்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். மகள் பிறந்த வருடமே சொல்லியிருக்கிறேன்.

"போய்ச் சொல்லப் போறீங்களா?"

"சொல்லணும்."

"எதுக்கு? இத்தன வருஷம் நம்மள யாரோ ஒருத்தர் நெனச்சாருன்னு இருந்திருக்காங்க. ஒங்க மனசு ஆறணும்னு அதையும் போயி புடுங்கணுமா?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தத் தங்கம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன்.

மலிவு விலை அடுக்கு வீடு, மூன்றாவது மாடி. மகள் பாசாருக்குப் போயிருந்தாள். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நான் டைரியைப் பையிலிருந்து எடுத்தேன்.

"இன்னும் எழுதுறீங்களா? அந்தப் பேனா எங்க?" என்று சிரித்தார். அவருக்கு எழுதப் படிக்க வராது. "என்னன்னு படிங்க தம்பி, கேப்போம்."

படித்தேன். செப்டம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மேடை 7, கோயிலடி 36.

"முப்பத்தாறா?" அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார். "செவ்வாக்கெழமன்னா சந்தைக்குப் போற கெழவிங்களும் ஏறும். சரியாத்தான் இருக்கும். எங்களையெல்லாம் எண்ணுனீங்களா தம்பி?"

"தெனமும் எண்ணுனேங்க்கா."

"படிங்க, படிங்க."

இன்னும் ஐந்தாறு நாள் படித்தேன். ஒரு நாளுக்கு 34 என்று வந்தது. மகளுக்கு அம்மை கண்டிருந்த நாட்களில் தான் போகவில்லை, அந்த வாரமாக இருக்கும் என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அவரையும் அவரோடு ஏறியவர்களையும் யாரோ ஒவ்வொருவராக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதில் அவ்வளவு சந்தோஷம். பிறகு கேட்டார்:

"அப்ப மேல இருக்கவங்க இதப் பாத்துமா மூடுனாங்க?"

"இத அவங்களுக்கு அனுப்பலக்கா."

"அனுப்பலயா?"

"மேடையில ஏறுனவங்கள மட்டுந்தான் எழுதி அனுப்புனேன். ஏழு பேரு, அஞ்சு பேருன்னு."

அவர் டைரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடைக்கு வரவான்னு கேட்டேனே."

"கேட்டீங்க."

"வேணாம்னீங்க."

"ஆமாங்க்கா. எனக்கு மாத்தல் வேண்டியிருந்துச்சு. வீட்ல அப்ப மாசமா இருந்தாங்க. ஸ்டேஷன் இருக்கறவரைக்கும் என்னைய விட மாட்டேன்னுட்டாங்க."

"அதையாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு தனக்குத்தானே கணக்குப் பார்ப்பது போல மெதுவாக, "மூணு மாசந்தானே. இருவது நிமிசம். நடந்திருப்போமே" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை லேசாக உயர்த்தினார். "டீயக் குடிங்க. ஆறுது."

குடித்தேன். அவர் எழுந்து போய்ச் சமையலறையில் எதையோ எடுத்து வைத்தார். திரும்பி வந்து உட்காரவில்லை. நான் டைரியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை வந்தார்.

"லிப்டு ஓடல. பாத்து எறங்குங்க" என்றார்.

"போயிட்டு வரேங்க்கா."

"சரிங்க கிராணி."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். மூன்று மாடிக்கும் சேர்த்து நாற்பத்தெட்டுப் படி. எண்ணிக்கொண்டேதான் இறங்கினேன்.